கேரட் லாரியில வந்த குட்டி: கோத்தகிரி பக்கம் நடந்த ஒரு ரேபிஸ் கேஸ்

நாய்க்குட்டி தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சுன்னு போன் வந்தா ஒரு கால்நடை டாக்டர் முதல்ல கேக்க வேண்டியது எலும்பு எவ்ளோ பெருசுன்னு இல்ல, "வாய்க்குள்ள யாரெல்லாம் கைய விட்டீங்க?"ன்னுதான். தாடை தொங்கி, வாய மூட முடியாம, எச்சில் ஒழுக நிக்கிற நாய பாத்தா யாருக்குமே எலும்புன்னுதான் தோணும். ரேபிஸ்னா கண்ணு செவந்து துரத்தித் துரத்திக் கடிக்கணும்னு நம்ம மண்டையில ஏறிப்போச்சு. துரத்தாத, குரைக்கக்கூட முடியாத, ஒரு மூலையில போய் படுத்துக்குற ரேபிஸும் இருக்கு, அத ஊமை வெறின்னு சொல்லுவாங்க, என் அனுபவத்துல ஆளுங்க ஏமாறுறது இதுலதான், ஏன்னா பயம் வராது, பாவம்தான் வரும்.

இந்த கேஸ் நடந்தது கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவுல ஒரு தேயிலை எஸ்டேட் லைன்ல, அதாவது தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடுங்கள்ல. ஊர் பேரு, எஸ்டேட் பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல. சின்ன ஊரு, ஒரு அடையாளம் சொன்னாலும் யாருன்னு தெரிஞ்சுடும், அந்தக் குடும்பம் ஏற்கனவே பட்டது போதும்.

குட்டிக்கு ரெண்டரை மாசம் இருக்கும். லைனுக்கு வந்து மூணு வாரம் கூட ஆகல. ரெண்டு நாளா சாப்பிடல, தண்ணி வச்சா கிட்ட போகுது ஆனா முழுங்க முடியல, சத்தம் மாறி கரகரன்னு வருதுன்னு சொன்னாங்க. நான் போய் பாத்தப்போ கீழ்த்தாடை தொங்கிருச்சு, பின்னங்கால் இழுத்துட்டு இருந்துச்சு. எலும்பு இல்லன்னு பாத்ததுமே புரிஞ்சிடுச்சு. தள்ளி நின்னு எல்லாரையும் வெளிய போகச் சொல்லி, ஒரு பழைய கோழிக் கூட்டுக்குள்ள அத அடைச்சு வச்சோம். மறுநாள் காலையில செத்துருச்சுன்னு போன். நான் வந்து எடுத்துக்கிறேன் தொடாதீங்கன்னு சொல்லிட்டு கிளம்புறேன், அதுக்குள்ள லைனுக்குக் கீழ ஓடை ஓரமா பொதைச்சுட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, சின்னப் பசங்க அழுதுட்டு இருக்கும்போது செத்த குட்டிய எவ்வளவு நேரம் கண்ணு முன்னாடி வச்சிருப்பாங்க.

யாரு யாருக்கு பட்டிருக்கு

இங்கதான் கேஸோட கஷ்டமான பகுதி ஆரம்பிக்குது. பெரிய நாய் ஒருத்தர கடிச்சா கடிபட்டவரு யாருன்னு ஊருக்கே தெரியும். குட்டி அப்படி இல்ல, அது எல்லாரையும் கடிக்கும், பால் பல்லு ஊசி மாதிரி இருக்கும், விளையாட்டுக்கு கவ்வுறதுலயே தோல் கிழியும், அத யாரும் நாய்க்கடின்னு கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்க. நோய் அறிகுறி தெரியுறதுக்கு சில நாள் முன்னாடியே நாயோட எச்சில்ல வைரஸ் வந்துடும், அதனால சீக்கான அந்த ரெண்டு நாள மட்டும் பாத்தா பத்தாது. கடிச்ச நாய 10 நாள் கவனிக்கச் சொல்றாங்களே, அதுவும் இதே கணக்குதான்: கடிச்ச பிறகு 10 நாள் நாய் நல்லா இருந்தா, கடிச்ச அன்னைக்கு அதோட எச்சில்ல வைரஸ் இல்லன்னு அர்த்தம். நாங்க ரெண்டு வாரம் பின்னாடி போய் விசாரிக்கிறதுன்னு முடிவு பண்ணோம். நாங்கன்னா நானும் அந்த ஏரியா கிராம சுகாதார நர்ஸும். நர்ஸ் அக்கா இல்லாம இந்த கேஸ் ஒன்னுமே ஆகியிருக்காது, யாரு வீட்டுல யாரு தூங்குறாங்கன்னு வரைக்கும் அவங்களுக்கு தெரியும்.

முதல்ல அந்த வீட்டுப் பாட்டி. குட்டிய வளத்ததே அவங்கதான்.

"பாட்டி, கைய காட்டுங்க."

"கையில என்னம்மா இருக்கு, அது என்னைய கடிக்கவே இல்ல. பாவம், வாய மூட முடியாம கெடந்துச்சு, எலும்பு இருக்கான்னு வெரல விட்டுப் பாத்தேன், அவ்ளோதான் டாக்டரம்மா."

அந்தக் கைய நீங்க பாத்திருக்கணும். முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து எடுத்த கை, இப்ப கத்திரி வச்சு எடுத்தாலும் விரல் நுனியில கறையும் வெடிப்பும் போகாது, குளிர் காலத்துல அந்த வெடிப்புல ரத்தம் கசியும். நாய் கடிக்கல, வாஸ்தவம்தான். ஆனா ரேபிஸ் நாயோட எச்சில் வெடிச்ச தோல்ல பட்டா அது மூணாம் வகை, அதாவது ஆழமா கடிச்சு ரத்தம் வந்ததுக்கு சமம். அதுவும் விரல் நுனி, நரம்பு நிறைய இருக்கிற இடம், முகம் கழுத்து கை மூணும் கூடுதல் ஆபத்துன்னு சொல்றது இதனாலதான். இந்த வைரஸ் ரத்தத்துல போறதில்ல, நரம்பப் புடிச்சுட்டு மெதுவா மூளைக்கு ஏறும், பொதுவா ஒரு மாசத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும் எடுத்துக்கும், சில பேருக்கு ஒரு வாரத்துலயும் வரலாம், வருஷம் கழிச்சும் வரலாம். மூளைக்குப் போய் அறிகுறி ஆரம்பிச்சிடுச்சுன்னா கிட்டத்தட்ட யாரையும் காப்பாத்த முடியாது. அந்த இடைவெளிதான் நமக்கு கிடைக்கிற அவகாசம்.

அடுத்தது பசங்க. ஸ்கூல்ல போய் டீச்சர வச்சு கேட்டோம், "யாரையாவது குட்டி கடிச்சுச்சா"ன்னு கேட்டா ஒரு கை தூக்கல. நர்ஸ் அக்காதான் விவரமா, "குட்டிய ஸ்வெட்டருக்குள்ள வச்சு தூக்கிட்டுப் போனது யாரு?"ன்னு கேட்டாங்க. டபடபன்னு கை எழுந்துச்சு. மலையில பசங்க நாய்க்குட்டிய தூக்குறதே அப்படித்தான், குளிருதுன்னு ஸ்வெட்டருக்குள்ள போட்டுக்குவாங்க, கழுத்துக்கிட்ட அதோட மூக்கு. ஸ்வெட்டர் கைய மடிச்சுப் பாத்தா நகம் கீறுனது, பல்லு பட்டு காஞ்சது, ஒரு பொண்ணுக்கு தாடைக்குக் கீழ ஒரு கீறல். அம்மாகிட்ட சொன்னியான்னா சொல்லல. ஏன் சொல்லலன்னா, "தொப்புளச் சுத்தி 14 ஊசி போடுவாங்க."

இந்த 14 ஊசி கதை இன்னும் சாகலங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். அதுக்கும் இந்த மலைக்கும் சம்பந்தம் உண்டு, கொஞ்சம் சொல்லிட்டுப் போறேன். 1902-ல வெறிநாய்க்கடியில ஒரு ஆங்கிலேயப் பொண்ணு இறந்துச்சு, அப்ப இந்தப் பக்கம் வைத்தியமே கிடையாது, வடக்க கசௌலிக்குத்தான் போகணும். அதுக்கப்புறம் ஹென்றி ஃபிப்ஸ்னு ஒரு அமெரிக்கர் கொடுத்த நன்கொடையில 1907-ல குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்து மருந்து ஆட்டு மூளையில இருந்து எடுத்தது, செம்பிள் வேக்சின்னு பேரு, வயித்துல வரிசையா நிறைய ஊசி போட்டாகணும், சிலருக்கு நரம்புக் கோளாறு கூட வந்திருக்கு. 2004 கடைசியோட இந்தியாவுல அத நிறுத்திட்டாங்க. இப்ப போடுறது செல் கல்ச்சர் வேக்சின், அதாவது லேப்ல செல்லுல வளத்து எடுக்கிறது, ரெண்டு தோள்லயும் தோலுக்குள்ள 0.1 எம்எல் சின்னதா, 0, 3, 7, 28-ம் நாள், முடிஞ்சுது. மருந்து மாறி 20 வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் பொறந்த பசங்க அந்தப் பழைய ஊசிக்கு பயந்து கீறல மறைக்குறாங்க.

சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும்னு சொன்னப்ப எல்லாரும் தலையாட்டுனாங்க, ஆனா ஏற்கனவே பல நாள் ஆன காயம், இருந்தாலும் கழுவ வச்சோம். மஞ்சள், மிளகாப்பொடி, காப்பித்தூள் வைக்காதீங்கன்னு சொன்னோம். மூணாம் வகையில வந்தவங்களுக்கு வேக்சினோட இம்யூனோகுளோபுலினும் வேணும், அதுதான் பல பேருக்கு தெரியாது. வேக்சின் போட்டு உடம்பு எதிர்ப்பு சக்தி உண்டாக்க ஒன்னு ரெண்டு வாரம் ஆகும், அந்த இடைவெளியில வைரஸ காயத்துலயே தடுத்து நிறுத்த ரெடிமேடா இருக்கிற ஆன்டிபாடிய காயத்துக்குள்ளயும் சுத்தியும் செலுத்துவாங்க. விரல் நுனியில போடும்போது பயங்கர வலி. பாட்டி ஒரு சத்தம் போடல, பேரன்தான் பக்கத்துல நின்னு அழுதான்.

ஊசி இலவசம்தான், ஆனா இலவசம்னு சொல்லிட்டா செலவே இல்லன்னு அர்த்தம் இல்ல. லைன்ல இருந்து ரோட்டுக்கு நடக்கணும், பஸ் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும், பசங்கள கூட்டிட்டுப் போற அம்மாவுக்கும் கூலி போகும். ஒரு குட்டியால ஒரு லைன்ல பாதி வீடு நாலு தடவ கூலிய விட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சேர்ந்து செஞ்சு 2024-ல வெளிவந்த ஒரு பெரிய சர்வேயில, இந்தியாவுல வருஷத்துக்கு சுமாரா 91 லட்சம் விலங்குக்கடி, ரேபிஸ் சாவு சுமாரா 5,700-ன்னு மதிப்பிட்டிருக்காங்க. நாய்க்கடி பட்டவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் ஊசியே போட்டுக்கல, ஆரம்பிச்ச நிறைய பேரு பாதியில விட்டிருக்காங்க. ஏன் விடுறாங்கன்னு சிட்டியில உக்காந்து ஆச்சரியப்படலாம், அந்த பஸ் ஸ்டாப்புல ஒரு தடவ நின்னா ஆச்சரியம் போயிடும். எங்க கேஸ்ல எஸ்டேட் அலுவலர் ஒருத்தர்கிட்ட பேசினோம், அவரு ஊசி நாளுக்கு ஜீப் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தாரு, அதனாலதான் 28-ம் நாள் ஊசி வரைக்கும் எல்லாரும் போனாங்கன்னு நான் நினைக்கிறேன், எங்க விழிப்புணர்வுப் பேச்சால இல்ல.

தோண்டி எடுத்தது

ஊசி ஆரம்பிக்க லேப் ரிசல்ட்டுக்கு காத்திருக்கக் கூடாது, நாங்களும் காத்திருக்கல. ஆனாலும் ரிசல்ட் வேணும், ஏன்னா இது ரேபிஸ்தான்னு உறுதியா தெரிஞ்சாத்தான் அடுத்து நாய்ங்க பக்கம் வேலைய ஆரம்பிக்க மத்தவங்கள நகர்த்த முடியும். சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டு குட்டிய தோண்டி எடுத்தோம். மலைக் குளிரு இதுல உதவி பண்ணுச்சு, சமவெளியில அந்நேரத்துக்கு மூளை கரைஞ்சு போயிருக்கும். மண்டைய உடைக்கத் தேவையில்ல, பின்மண்டையில தண்டுவடம் உள்ள போற ஓட்டை வழியா ஒரு ஸ்ட்ரா மாதிரி குழாய விட்டு மூளைத்தண்டோட சாம்பிள் எடுக்கலாம், வெளியிடத்துல இதுதான் பாதுகாப்பும் கூட. ரெண்டு கையுறை, முகத்துக்கு ஷீல்டு, நானும் என் உதவியாளரும் முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டவங்க. ஃபார்மலின்ல போடாம ஐஸ்ல வச்சு லேபுக்கு அனுப்பினோம். ஃப்ளோரசன்ட் ஆன்டிபாடி டெஸ்ட்ல மைக்ராஸ்கோப்புக்கு அடியில பச்சையா மினுங்கும், அப்படித்தான் மினுங்குச்சு. பாசிட்டிவ்.

குட்டி எங்க இருந்து வந்துச்சு

பாட்டியோட மருமகன் கேரட் லாரி ஓட்டுறவரு. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு ஏத்திட்டு ராத்திரி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவாங்க, காலையில காலி லாரி மேல ஏறும். காலின்னு பேருதான், அரிசி மூட்டை, சிமெண்ட், சொந்தக்காரங்க, சில சமயம் நாய்க்குட்டி.

"அண்ணே, குட்டிய எங்க எடுத்தீங்க?"

"கீழ மண்டிக்கிட்ட ஒரு டீக்கடை பின்னாடிங்க. நாலஞ்சு குட்டி கெடந்துச்சு, தாய் இல்ல. இது ஒன்னுதான் என்னைப் பாத்து வாலாட்டுச்சு. பசங்க ரொம்ப நாளா நாய் வேணும்னு கேட்டுட்டு இருந்தாங்க, முன்ன இருந்தத சிறுத்தை தூக்கிருச்சுங்க."

இந்த ஒரு பதில்ல ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டுமே இந்தக் கேஸோட முதுகெலும்பு.

முதலாவது, தாய் இல்ல. தாய் எங்க போச்சு, செத்துச்சா, அதுக்கு நோய் இருந்துச்சா, இல்ல வேற நாய் வந்து குட்டிங்கள கடிச்சுச்சா, அத இப்ப கண்டுபிடிக்க வழியில்ல, ஆனா மூணு வாரத்துல நோய் வெளிப்பட்டதால கீழயே தொத்திருக்க வாய்ப்பு அதிகம். மத்த குட்டிங்க என்னாச்சுன்னு விசாரிச்சதுல ஒன்ன இன்னொரு லாரிக்காரர் தூக்கிட்டுப் போனதா டீக்கடைக்காரர் சொன்னாரு. அந்த லாரி எதுன்னு கடைசி வரைக்கும் கிடைக்கல. ரேபிஸ் புது இடத்துக்குப் போறது நாய் நடந்து போயி இல்ல, பெரும்பாலும் மனுஷன் தூக்கிட்டுப் போயிதான். இந்தோனேசியாவுல ஃப்ளோரஸ் தீவு ரேபிஸே இல்லாத தீவு, 1997-ல படகுல கொண்டு வந்த நாய்ங்களால வந்து ஒட்டிக்கிச்சு. பாலி தீவுக்கு 2008-ல. நம்மளுக்கு கடல் இல்ல, மேட்டுப்பாளையத்துல இருந்து மேல ஏறுற கல்லாறு மலைப்பாதை இருக்கு.

ரெண்டாவது, சிறுத்தை. இத சமவெளி ஆளுங்களுக்கு புரிய வைக்கிறது கஷ்டம். நீலகிரியில லைன் வீட்டுலயும் ஹட்டியிலயும் (படுகர் ஊர்) நாய் ரொம்ப வருஷம் நிலைக்காது. ராத்திரி வாசல்ல படுத்திருக்கும், காலையில சங்கிலி மட்டும் இருக்கும். உடனே அடுத்த மாசம் ஒரு குட்டி வரும், ஏன்னா நாய் இல்லாம ராத்திரி காட்டுப்பன்னியும் கரடியும் வர்றது தெரியாது. போன வருஷம் கேம்ப்ல ஊசி போட்ட நாய் இந்த வருஷம் சிறுத்தை வயித்துக்குள்ள, ஊசி போடாத புது நாய் அதே சங்கிலியில.

70 சதவீதம்னா என்ன

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, ஒரு ஏரியாவுல இருக்கிற நாய்ல 70 சதவீதத்துக்கு வருஷா வருஷம் ஊசி போட்டா ரேபிஸ் பரவுற சங்கிலி அறுந்துடும். மீதி 30 பரவால்லயான்னு கேப்பாங்க. ரேபிஸ் பாக்க பயங்கரமா இருந்தாலும் பரவுறதுல ரொம்ப மந்தமான நோய், ஒரு வெறிநாய் சராசரியா ஒன்னு ரெண்டு நாய்க்குத்தான் கொடுக்கும், தட்டம்மை மாதிரி பத்து பதினைஞ்சு பேருக்கு இல்ல. அதனால உண்மையில எந்நேரமும் பாதிக்கும் குறைவான நாய்க்கு எதிர்ப்பு சக்தி இருந்தாலே சங்கிலி அறுந்துடும். அப்புறம் எதுக்கு 70? நாய் கூட்டம் ஓட்டைக் குடம், நிரப்பி வச்ச அன்னைக்கே ஒழுக ஆரம்பிச்சிடும், ஊசி போட்டது சாகும், போடாதது பொறக்கும், அடுத்த வருஷ கேம்ப் வரைக்கும் அடிமட்டத்துக்குக் கீழ போகாம இருக்கணும்னா தொடக்கத்துல அவ்ளோ உயரத்துக்கு நிரப்பியாகணும். சிறுத்தை இருக்கிற ஊர்ல குடத்துல ஓட்டை கொஞ்சம் பெருசு.

இந்த லைன்ல கேம்ப் நடந்திருக்கு, நடக்காம இல்ல. போன வருஷம் நல்லா நடந்ததாத்தான் ரெஜிஸ்டர் சொல்லுது. வீடு வீடா போய் எண்ணிப் பாத்தோம், கார்டு இருக்கிற நாய், கார்டு தொலைஞ்சாலும் போட்டது ஞாபகம் இருக்கிற நாய், எல்லாம் சேத்தாலும் பாதிக்குக் கீழ. மீதி என்னன்னு பாத்தா பெருசா ஒன்னும் தெருநாய் இல்லைங்க. பெரும்பாலும் வீட்டு நாய், கேம்புக்கு அப்புறம் வந்த குட்டி, கேம்ப் அன்னைக்கு குட்டியா இருந்ததால திருப்பி அனுப்பப்பட்டது. "மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க." இந்த வார்த்தைய கிளினிக்குல சொல்றது சரி, பாட்டில் மேலயும் அப்படித்தான் போட்டிருக்கும், தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி ஊசிய கொஞ்சம் மட்டுப்படுத்தலாம்னு ஒரு காரணம் இருக்கு. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் டீம் வர்ற மலைக்கிராமத்துல "அப்புறம்"னா அடுத்த வருஷம். ஊசியே போடாத தாய்க்குப் பொறந்த குட்டிக்கு தாய்ப்பால்ல என்ன எதிர்ப்பு சக்தி வந்துடப் போகுது? பெரிய அளவுல கேம்ப் போடும்போது வயசு பாக்காம குட்டிக்கும் போடுங்கன்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, போட்டுட்டு மூணு மாசத்துல திரும்ப ஒன்னு போட்டா இன்னும் நல்லது. இந்தக் கேஸ்ல இருந்து ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்குங்கன்னா நான் இததான் சொல்லுவேன்: நோய கொண்டு வந்ததும் குட்டி, பரப்ப இருந்ததும் குட்டி, பசங்க கையில இருக்கிறதும் குட்டி, நம்ம கேம்ப் விட்டுட்டுப் போறதும் குட்டி.

ஊர்க் கூட்டம்

ரிசல்ட் வந்த அன்னைக்கு சாயங்காலம் கோயில் முன்னாடி கூட்டம். "எல்லா நாயையும் அடிச்சுக் கொல்லுங்க, மனுஷன் உயிரு பெருசா நாய் உயிரு பெருசா"ன்னு ஒருத்தர் கேட்டாரு, அவரு பையனும் ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல ஒருத்தன், அவரு கோவம் நியாயமானது. மனுஷன் உயிருதான் பெருசுன்னு நானும் சொன்னேன். அதனாலதான் கொல்ல வேணாங்கிறேன்னேன். 2023 விலங்கு கருத்தடை விதிகள்படி நாய மொத்தமா கொல்றது சட்டப்படி தப்புங்கிறது ஒரு பக்கம், ஆனா சட்டத்த சொன்னா கோவம்தான் அதிகமாகும், அதனால ஃப்ளோரஸ் கதைய சொன்னேன். அங்க நோய் வந்ததும் லட்சக்கணக்குல நாய அடிச்சாங்க, கிட்டத்தட்ட பாதி நாய் காலி, ரேபிஸ் போகல. ஊசி போட்ட நாயும் சேந்து செத்துச்சு, வெறும் இடத்துக்கு ஜனங்களே வேற ஊர்ல இருந்து புதுக் குட்டி கொண்டு வந்தாங்க. பாலியிலயும் முதல்ல அடிச்சுப் பாத்துட்டு, அப்புறம் 2010-ல இருந்து தீவு முழுக்க ஊசி போட்டப்பதான் கேஸ் இறங்குச்சு. மெக்சிகோ பல வருஷமா இலவச நாய் ஊசி போட்டே 2019-ல நாய் மூலமா மனுஷனுக்கு ரேபிஸ் வராத முதல் நாடுன்னு அங்கீகாரம் வாங்குச்சு. நம்ம கோவாவுல 2013-ல இருந்து மிஷன் ரேபிஸ்ங்கிற தொண்டு அமைப்பும் அரசும் சேந்து வருஷத்துக்கு லட்சத்தத் தொடுற அளவுக்கு நாய் ஊசி போட்டு, 2021-ல ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதின்னு அறிவிச்சாங்க.

"அதெல்லாம் சரிங்க டாக்டரம்மா, நாளைக்கே எங்க நாய்க்கு போடுவீங்களா?"ன்னு பின்னாடி இருந்து ஒரு அக்கா கேட்டாங்க. கூட்டம் அதோட கலைஞ்சுது.

நாய் விவகாரத்துல ஊரே ரெண்டு கட்சியா பிரிஞ்சு கத்துது, நாய எல்லாம் புடிச்சு அடைங்கன்னு ஒரு கட்சி, நாய தொடாதீங்கன்னு ஒரு கட்சி. தமிழ்நாட்டுல 2024-ல 4.8 லட்சம் நாய்க்கடி, 43 ரேபிஸ் சாவுன்னு அரசு கணக்கு. அந்த 43 பேரப் பத்தி பேசும்போது ரெண்டு கட்சியும் ஊசிய பத்தி ஒரு வரிக்கு மேல பேசி நான் கேட்டதில்ல. கருத்தடை நல்ல விஷயம், பண்ணனும், ஊட்டியில வேர்ல்ட்வைட் வெட்டரினரி சர்வீஸ் பயிற்சி மையத்துல நாடு முழுக்க இருந்து கால்நடை டாக்டருங்க வந்து அத கத்துட்டும் போறாங்க. ஆனா கருத்தடை நாய் எண்ணிக்கைய குறைக்க வருஷக்கணக்காகும், ரேபிஸ நிறுத்த ஊசி மாசக்கணக்குல வேலை பாக்கும். ரெண்டையும் ஒன்னா கட்டி, ஆபரேஷன் பண்ற நாய்க்கு மட்டும் ஊசின்னு வச்சா 70 சதவீதம் எந்தக் காலத்துலயும் வராது.

ஊசி போட்ட விதம்

ஒரு இடத்துல டேபிள் போட்டு நாயக் கொண்டு வாங்கன்னா லைன்ல பாதி நாய் வராது, கட்டிப் பழக்கமில்லாத நாய், வீட்டுக்காரங்க கொழுந்துக்குப் போயிருப்பாங்க. அதனால காலையில டேபிள், சாயங்காலம் கொழுந்து எடை போட்டு அவங்க திரும்புன அப்புறம் வீடு வீடா. எந்த நாய் யாருது, எது எந்த பேருக்கு ஓடி வரும், எது கடிக்கும்னு பசங்களுக்குத்தான் தெரியும், ஆனா புடிக்க விடல, பேரு கூப்பிட மட்டும். கைக்கு சிக்காதத வலை போட்டுப் புடிச்சோம். போட்டதுக்கு முதுகுல பெயிண்ட். மறுநாள் வேற ஆளுங்க நடந்து போய் பெயிண்ட் இருக்கிறது எத்தனை, இல்லாதது எத்தனைன்னு எண்ணுவாங்க, அதுதான் உண்மையான சதவீதம், எத்தனை டோஸ் காலியாச்சுங்கிறது இல்ல. முதல் எண்ணிக்கையில பேக்டரி பக்கம் குறைஞ்சுது, திரும்பப் போனோம்.

இன்னொன்னு, மலைக்கே உரிய ஒரு தொந்தரவு. மருந்து 2 முதல் 8 டிகிரியில இருக்கணும்னா எல்லாரும் சூட்டத்தான் யோசிப்பாங்க. ஜனவரியில அதிகாலை உறைபனி விழுற ஊர்ல, ஐஸ் பேக்க நேரா ஒட்டி பாட்டில வச்சா மருந்து உறைஞ்சிடும், உறைஞ்சு உருகுன ரேபிஸ் வேக்சின் வேலைக்கு ஆகாது, பாக்க நல்லாவே இருக்கும் அதான் பிரச்சனை. அட்டைய நடுவுல வச்சு, தெர்மாமீட்டர் போட்டு கொண்டு போனோம்.

குட்டியோட பழகின நாய்ங்கதான் பெரிய தலைவலி. ஏற்கனவே ஊசி போட்டிருந்ததுக்கு உடனே ஒரு பூஸ்டர் போட்டு கண்காணிப்பு. ஊசியே போடாத ஒரு நாய், பக்கத்து வீட்டுது, குட்டியோட ஒரே சாக்குல படுத்தது. கருணைக்கொலை பண்ணிடலாம், இல்ல மாசக்கணக்குல தனியா அடைச்சு வச்சு பாக்கணும், ரெண்டே வழின்னு சொன்னேன். வீட்டுக்காரர் எஸ்டேட்டுல வாட்ச்மேன், ராத்திரி ரவுண்டு அந்த நாய வச்சுத்தான். அவரே கம்பி வலை அடிச்சு, வெளிய இருந்து சாப்பாடு தள்ளுற மாதிரி கதவு வச்சு, பசங்க கிட்ட வராம வேலி போட்டு, ஆறு மாசம் வச்சாரு. அதுக்கு ஒன்னும் ஆகல.

காட்ட பத்தியும் ஒரு வார்த்தை. ஓடையத் தாண்டினா சோலை. முதுமலைப் பக்கம் செந்நாய்க் கூட்டம் இருக்கிற ஜில்லா இது, கூட்டமா வாழ்ற, ஒன்னையொன்னு நக்கிக்குற மிருகத்துக்குள்ள ரேபிஸ் போனா என்ன ஆகும்னு எத்தியோப்பியாவுல ஓநாய்ங்க விஷயத்துல பாத்தாச்சு, அங்க நாய்ங்ககிட்ட இருந்து போயி கூட்டம் கூட்டமா செத்துச்சு. லைன் நாய்க்கு போடுற ஊசியில அதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

இப்ப நிலைமை

ஊசி போட்டுக்கிட்ட எல்லாரும் நல்லா இருக்காங்க, பாட்டி கொழுந்துக்குப் போறாங்க. அந்தப் பக்கம் அதுக்கப்புறம் சந்தேகப்படுற மாதிரி நாய் வரல. கேம்ப்ல மாத்தினது ரெண்டு. குட்டிய திருப்பி அனுப்புறது இல்ல, கண்ணு தொறந்து நடக்குற எதுக்கும் போட்டுட்டு, ரெண்டாவது டோஸ் தேதிய கார்டுல எழுதிக் கொடுக்கிறோம். அப்புறம் வருஷக் கேம்ப்புக்கு நடுவுல புதுசா வந்த நாய்க்கு மட்டும் ஒரு சின்ன ரவுண்டு, பட்டியல் அங்கன்வாடி அக்காகிட்ட, ஏன்னா எந்த வீட்டுக்கு புதுக் குட்டி வந்தாலும் அங்க வர்ற பசங்க சொல்லிடுவாங்க.

ரெண்டாவது டோஸுக்கு வரச் சொன்ன குட்டிங்கள்ல பாதிதான் வந்துச்சு, மீதிக்கு வீட்டுக்கே போகணும். லாரிக்காரங்ககிட்ட கீழ இருந்து குட்டி ஏத்தாதீங்கன்னு சொல்லிப் பாத்தாச்சு, கேக்க மாட்டாங்க, கேக்கவும் முடியாது, சங்கிலி காலியா இருக்கே. அதனால மேட்டுப்பாளையம் மண்டி சுத்தி இருக்கிற நாய்ங்களுக்கு கீழயே ஊசி போடணும்னு கேட்டு எழுதியிருக்கோம். அது வேற ஜில்லா, கோயம்புத்தூர், ஃபைல் அங்க இருக்கு. அதுவரைக்கும் மேல வந்து சேர்ற குட்டிய வந்த வாரத்துலயே கால்நடை மருந்தகத்துக்கு தூக்கிட்டு வந்துடுங்க, வேலை நாள் காலையில இருப்போம், ஸ்வெட்டருக்குள்ள போடாம ஒரு கூடையில.